இறந்தவர்களின் தலையை அசைத்தவள்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்பது மின்கம்பத்துக்குத்தான் முதலில் தெரியும். பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு, ரொட்டிக் கடைக் கதவுக்கு, இறந்தவருடைய சொந்த வாசற்கதவுக்கு. உறவினர்களுக்குக் கடைசியாக. வெள்ளைத் தாள், கறுப்புக் கரை, மேலே சிலுவை, நடுவில் புகைப்படம், கீழே நாலு வரிக் கவிதை. நாற்பதாம் நாள் புதுத் தாள் ஒட்டுவார்கள். ஆறாம் மாதம் இன்னொன்று. அப்புறம் ஆண்டுக்கொன்று, ஒட்டுவதற்கு ஆள் இருக்கும் வரை. எங்கள் லிபொவோவின் தெருக்களில் நடமாடுபவர்களைவிட ஒட்டப்பட்டவர்களே அதிகம். அவர்கள் நடமாடுபவர்களைவிட நல்ல உடையிலும் இருந்தார்கள்.

அந்த உடைக்குப் பொறுப்பு வெலிகா.

மருத்துவமனைக்கு எதிரில், பூக்கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில், இந்தத் தாள்களை அச்சடிக்கும் அவள் கடை. இரண்டு இடத்திலிருந்தும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருபவர்கள் அவள் நாற்காலியில்தான் உட்காருவார்கள். குடும்பத்தார் ஒரு கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து, "இதுல மூணாவதா நிக்கிறவரு" என்பார்கள். வெலிகா அவரைக் கல்யாணத்திலிருந்து வெட்டியெடுத்து, கையிலிருக்கும் கோப்பையை நீக்கி, கழுத்துக்கு ஒரு டை கட்டிவிடுவாள். அவள் கணினியில் இருந்தது ஒரே ஒரு டை. நீலத்தில் சாய்வுக் கோடு போட்டது. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் வாழ்நாளில் கட்டாத அந்த டையைக் கட்டிக்கொண்டுதான் மேலே போயிருக்கிறார்கள். அங்கே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை என்று நினைத்திருக்கக்கூடும்.

தவறே நேராது என்று சொல்லமுடியாது. தபால்கார ஸ்தாமென் ஓராண்டு முழுக்கத் தோளில் தன் மைத்துனனின் இரண்டு விரல்களோடு மின்கம்பத்தில் நின்றார். அந்த மைத்துனன் உயிரோடு இருந்ததால், கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வான்.

வடிவம் தயாரானதும் வெலிகா திரையைக் குடும்பத்தார் பக்கம் திருப்பிக் காட்டுவாள். அவர்கள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினால் சம்மதம், அச்சுக்குப் போகும். முகவாயை மேலே தூக்கி இறக்கினால் சம்மதமில்லை, மறுபடி வேலை. பெரும்பாலும் ஆட்டுவார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு எழுத்துருவில் அவ்வளவு பிடிவாதம் கிடையாது.

இப்படிப்பட்டவள் புதுமைக்கு எதிரியாக இருப்பாள் என்று நினைப்பவர்கள் வெலிகாவை அறியாதவர்கள். சதுக்கத்தில் மின்திரை வைக்கவேண்டும் என்று மேயர் கமெனின் காதில் முதலில் ஓதியவளே அவள்தான். மழையில் கரையும் தாள், காற்றில் பறக்கும் தாள், பழையதன்மேல் புதியது ஒட்டி ஒருவர் முகத்தில் இன்னொருவர் மீசை எட்டிப்பார்க்கும் தாள், எல்லாவற்றின்மேலும் அவளுக்கு வெறுப்பு. கமெனுக்குத் தாளைப் பற்றிக் கருத்து எதுவும் இல்லை. ஆனால் திறந்துவைப்பதற்கு ஒரு பொருள் கிடைத்தால் எந்த மேயரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

திரையோடு சோஃபியாவிலிருந்து ஒரு பெண்ணும் வந்தாள். பெயர் தெஸி. கெட்டிக்காரி, பொறுமைசாலி. எங்கள் ஊரைப் பார்த்துச் சிரிக்காத முதல் தலைநகரத்துக்காரி. வெலிகாவுக்குப் புது நிரலைக் காட்டிக்கொடுத்தாள். இனி இறந்தவர்கள் வெறும் படமாக நிற்கமாட்டார்கள். எதிரில் ஒருவர் வந்து பேசினால் திரை அதை உணரும், முகம் அசையும்.

"இனிமே டிசைன்னா எழுத்தும் நிறமும் இல்ல, வெலிகாக்கா" என்றாள் தெஸி. "முன்னாடி ஒரு ஆளு வந்து நின்னா அது எப்படி நடந்துக்குதுங்கிறதுதான் டிசைன். நீங்க இனி படம் போடப்போறதில்ல. குணம் போடப்போறீங்க."

"செத்தவங்களுக்கா?"

"ஆமா."

"உயிரோட இருக்கிறப்ப போட்டிருந்தா ஊருக்கு எவ்வளவு உபகாரமா இருந்திருக்கும்" என்றாள் வெலிகா.

மேயர் நிபந்தனையைத் தெளிவாகவே சொன்னார். முதல் ஆள் சோதனை. அது நன்றாக நடந்தால் திரை வெலிகாவின் கையில். கெட்டால் தலைநகரத்திலிருந்தே எல்லாம் தானாக நடக்கும். எப்படியானாலும் கம்பத்தில் தாள் ஒட்டத் தடை. ஆக, வெலிகாவின் மிச்ச வாழ்க்கை, யார் முதலில் சாகிறார்களோ அவர் நடத்தையில் இருந்தது. அந்த இரண்டு வாரமும் அவள் ஊரில் எல்லோரையும் அன்போடு நலம் விசாரித்தாள்.

செத்தது கான்ச்சோ.

கான்ச்சோவும் அவர் தம்பி ராங்கெலும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுச்சுவரை ஒட்டி அவர்கள் அப்பா நட்ட திராட்சைக் கொடி ஒன்று இரண்டு முற்றத்தின்மேலும் பந்தலாகப் படர்ந்திருந்தது. கான்ச்சோ மூட்டுவலிக்கு வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்த சமயத்தில், தன் காருக்குக் கொட்டகை போட இடம் வேண்டும் என்று ராங்கெல் அதன் அடித்தண்டை ரம்பத்தால் அறுத்துவிட்டார். கொட்டகை போட்டார். அப்புறம் காரையும் விற்றுவிட்டார். கான்ச்சோ திரும்பி வந்து தண்டைப் பார்த்தார். அன்றிலிருந்து தம்பியிடம் ஒரு வார்த்தை இல்லை.

கான்ச்சோவுக்கு இடது காது கேட்காது. வாழ்நாளெல்லாம் டிராக்டர் எஞ்சினுக்குக் கொடுத்த காது அது. கொடி போனபிறகு அவர் முற்றத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், செவிட்டுக் காது சுவர்ப்பக்கம் வரும்படி. ராங்கெல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சில நேரம் ஏதாவது சொல்வார். "இன்னிக்கு மழை வரும்போல", இப்படி. கான்ச்சோ அசையமாட்டார். கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா என்பதில் ஊர் இரண்டு கட்சியாக இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் திரை திறப்பு. முந்தைய நாள் வெலிகா நிரலைத் திறந்தாள். நடத்தைக்கு நாலு பொத்தான்கள் இருந்தன: புன்னகை, கண்சிமிட்டல், ஆமோதிப்பு, மறுப்பு. சாவுக்குப் புன்னகை பொருந்தாது. கண்சிமிட்டல் கான்ச்சோவுக்கு உயிரோடு இருந்தபோதே பொருந்தாது. அமைதியாக, ஒப்புதலோடு போய்ச் சேர்ந்தார் என்று தோன்றட்டும் என்று 'ஆமோதிப்பு' மீது அழுத்தினாள். ஓட்டிப் பார்க்கலாம் என்றால் அவள் பழைய கணினி ஒரு வட்டத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. ஆமோதிப்பில் பார்க்க என்ன இருக்கிறது என்று சோஃபியாவுக்கு அனுப்பிவிட்டாள். டை மட்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அந்த நிரலை எழுதியவர்கள் எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் சம்மதத்துக்குத் தலையை மேலும் கீழும் அசைப்பார்களாம். இதெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சதுக்கத்தில் கூட்டம். மேயர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். எதிர்காலத்தில் யாரும் சாகமாட்டார்கள் என்ற இடத்துக்குப் போய்விட்டு, கான்ச்சோவின் மனைவி நெதா கறுப்பு முக்காட்டோடு முன்வரிசையில் இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தார். துணி விலகியது. கான்ச்சோ ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காய், நீல டையோடு, கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். நல்ல வேலை. யாரும் அதை மறுக்கவில்லை.

அப்போது கூட்டத்தின் பின்பக்கமிருந்து ராங்கெல் வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. அவர் அடக்கத்துக்குக்கூட வேலிக்கு வெளியேதான் நின்றிருந்தார். திரைக்கு நேரே போய் நின்று, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில், "அண்ணே, என்னை மன்னிச்சிரு" என்றார்.

கான்ச்சோ அவரைப் பார்த்தார். மெதுவாக முகவாயை மேலே தூக்கினார். இறக்கினார்.

இல்லை.

 ராங்கெல் தவறாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்தவர்போல் ஒரு அடி முன்னால் போனார். "கொடி விஷயம்தான், அண்ணே." கான்ச்சோ இன்னும் நிதானமாக, யோசித்துச் சொல்பவரைப்போல, மறுபடி தூக்கினார். ராங்கெல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வந்த வழியே போனார். கூட்டம் விலகி வழிவிட்டது. சவப்பெட்டிக்கு வழிவிடுவதுபோல விட்டது.

பிற்பகலில், வெட்கமில்லாதவர்கள் ஒவ்வொருவராகத் திரைமுன் போனார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். "பென்ஷன் ஏறுமா, கான்ச்சோ?" முகவாய் தூக்கல். "அங்க ராக்கியா கிடைக்குதா?" முகவாய் தூக்கல். கேட்டவர் உண்மையிலேயே கலங்கிப்போய் நேரே மதுக்கடைக்குப் போனார். ஒரு பெண் தன் மகன் ஜெர்மனியிலிருந்து திரும்பி வருவானா என்று கேட்டுவிட்டு, பதிலைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. மாலையில் மேயர் ஆளனுப்பித் திரையை அணைத்தார்.

மறுநாள் காலை கமென் வெலிகாவின் கடையில்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு தலையாட்டல். அதைக்கூட ஒழுங்கா போட முடியாதா?"

"நான் ஆமோதிப்புதான் போட்டேன்."

"அவரு ஆமோதிக்கலியே."

"உயிரோட இருந்தப்பவும் ஆமோதிச்சதில்ல" என்றாள் வெலிகா. ஆனால் குரலில் வேடிக்கை இல்லை.

"நாற்பதாம் நாளுக்கு மறுபடி திரையைப் போடுறோம். தம்பி வருவாரு, வரவைக்கிறது என் வேலை. அவரு கேக்கணும், அண்ணன் தலையை இப்படி" என்று இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார், "ஆட்டணும். ஊரே அழணும். இல்லேன்னா சோஃபியாவிலேயே செஞ்சுக்கட்டும்னு விட்டுருவேன். கோவிச்சுக்காதீங்க."

வெலிகா சோஃபியாவுக்குத் திரும்பியிருந்த தெஸியைத் தொலைபேசியில் அழைத்தாள். தெஸி வெகுவாக மன்னிப்புக் கேட்டாள். தானும் முன்கூட்டிப் பார்த்திருக்கவேண்டும் என்றாள். மாற்றுவது சுலபம்தான், 'மறுப்பு' பொத்தானை அழுத்தினால் எங்கள் ஊர்ச் சம்மதம் வந்துவிடும் என்றாள். வெலிகா அந்தப் பொத்தான்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தவில்லை.

இதில் ஏன் தயங்கினாள் என்பது விளங்கிக்கொள்ளக் கடினம்தான். இத்தனை காலமும் அவள் பொய்யைத்தான் அச்சடித்தாள். மனைவியை அடித்தவன் 'மறக்கவொண்ணாக் கணவர்' என்று கம்பத்தில் நின்றான். பிள்ளைகளைப் பட்டினிபோட்டவனுக்கு அவளே கவிதை எழுதினாள், எதுகையோடு. ஆனால் தாளில் இருப்பவன் பதில் சொல்வதில்லை. பொய் முழுக்க ஒட்டியவர்களுடையது. இது அப்படியல்ல. இங்கே ஒருவர் கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார், அந்தப் பதில் அவளுடையதாக இருக்கும்.

ராங்கெலே ஒருநாள் கடைக்கு வந்தார். முகச்சவரம் செய்திருக்கவில்லை. பல் டாக்டரிடம் போகவேண்டியவர் கதவு மாறி வந்ததுபோல் நின்றார்.

"உக்காருங்க அண்ணே. காப்பி போடவா?"

அவர் முகவாயைத் தூக்கினார். பிறகு உட்கார்ந்தார். "மேயரு வந்தான். அண்ணன் சரின்னு சொல்வாரு, வாங்கன்னான். ஏம்மா வெலிகா, நீ மாத்துனா மன்னிக்கிறது யாரு? அண்ணனா, நீயா?"

"அன்னிக்கு இல்லேன்னு சொன்னதும் நான்தான் அண்ணே. என் தப்பு. அவரு சொல்லல."

"அது தெரியும். பகல்ல நல்லாத் தெரியுது. மிஷின்தான்னு எனக்கே நான் சொல்லிக்கிறேன். படுத்தா மட்டும் அந்த முகவாய் மேல போகுது." தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நீ பொய்யா சரின்னு போட்டா எனக்குப் போதாது. அப்படியே விட்டாலும் என்னால தாங்க முடியாது. என்ன பண்ணுவியோ, தெரியல. நீதானே படிச்சவ."

"நான் டைப்படிக்கப் படிச்சவ அண்ணே."

"எல்லாருக்கும் டை கட்டிவிட்டியே" என்றார் ராங்கெல். சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன்.

வெலிகா நெதாவின் வீட்டுக்குப் போனாள். வழக்கமாகக் குடும்பத்தார்தான் அவளிடம் வருவார்கள். அவள் ஒரு வீட்டுக்குப் போய்க் கேட்டது அதுவே முதல் தடவை. நெதா நாற்பதாம் நாளுக்காகக் கோதுமையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவித்துச் சர்க்கரை சேர்த்துக் கல்லறையில் எல்லோருக்கும் ஒரு கரண்டி கொடுக்கும் கோதுமை. முற்றத்தில் காலி நாற்காலி இன்னும் திருப்பிப்போட்டபடியே இருந்தது. அறுத்த தண்டிலிருந்து கொடி தானாகத் துளிர்த்துச் சுவர்மேல் ஏறியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தம்பியை அவரு மன்னிச்சாரா?"

"எனக்கென்ன தெரியும்? கடைசிவரைக்கும் சரின்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. அவரு எதுக்குத்தான் சட்டுனு பதில் சொன்னாரு? கல்யாணம் பண்ணிக்கிறியான்னு நான்தான் கேட்டேன். முதல்ல காதைத் திருப்பினாரு."

"காதையா?"

"நல்ல காதை. நேருக்கு நேரா நின்னு யாரு பேசினாலும் இப்படி வலது காதைக் கொண்டுவருவாரு. கடன்காரனா இருந்தாலும் சரி, பாதிரியா இருந்தாலும் சரி. முழுசாக் கேட்டுக்குவாரு. அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்."

"தம்பி பேசினப்ப?"

நெதா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். "அந்த மனுஷன் ஒருநாளாவது வாசல் வழியா வந்து முன்னாடி நின்னாரா? எப்பவும் சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து மழை வருது, வெயில் வருதுன்னு. வந்து நின்னிருந்தா இவரு காதைத் திருப்பியிருப்பாரு. திருப்பாம இருக்க அவருக்குத் தெரியாது."

நிரலில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. புன்னகைக்கும் மறுப்புக்கும் வழி வைத்தவர்கள், காதுகொடுப்பதற்கு வைக்கவில்லை. வெலிகா தெஸியிடம் கேட்டாள். யாராவது அந்த அசைவைச் செய்ய, அதைப் படம்பிடித்து அனுப்பினால், கான்ச்சோவின் முகத்துக்கு மாற்றிவிடலாம் என்று தெஸி சொன்னாள். அதற்காக ஒரு சனிக்கிழமை சொந்தச் செலவில் பேருந்தில் வந்தாள்.

அசைவைச் செய்யத் தெரிந்தவள் ஒருத்திதான். நெதா கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். முக்காட்டை எடுக்கமாட்டேன் என்றாள். எடுக்கவேண்டாம், முகம் மட்டும் போதும் என்றாள் தெஸி. விளக்கைப் போட்டார்கள். முதல் தடவை அவளுக்கு வெட்கம். இரண்டாவது தடவை மிகையாகிவிட்டது. அப்புறம் வெலிகா எதிரில் போய் நின்று, ஒன்றும் சொல்லிவைக்காமல், "கான்ச்சோ அண்ணே, ஒரு விஷயம்" என்றாள். நெதாவின் புருவம் ஒன்று உயர்ந்தது. கழுத்து முதலில் நீண்டு, பிறகு மெதுவாக இடப்பக்கம் திரும்பி, வலது காது முன்னால் வந்து நின்றது. கண் மட்டும் பேசுபவரின் வாயிலேயே இருந்தது. கடைக்குள் ஒரு கணம் கான்ச்சோ இருந்தார். தெஸி அவரை அறியாதவள், ஆனாலும் கேமராவிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இதேதான்" என்று நெதா சொன்னாள். சொல்லிவிட்டு முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அடக்கத்தன்று அவள் அழவில்லை என்று ஊரில் குறையாகப் பேசியிருந்தார்கள்.

மேயருக்கு வெலிகா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"ஆமாம்னு சொல்லமாட்டாரு. இல்லேன்னும் சொல்லமாட்டாரு."

"அப்ப எதுக்கு அந்தத் திரை? ஜனங்க பதிலுக்குத்தானே வர்றாங்க?"

"பதிலை நான் போடமாட்டேன் கமென். வேணும்னா நீங்களே பொத்தானை அழுத்துங்க. அழுத்தினது மேயர்னு கீழே பேரு மட்டும் போட்டுடுறேன். கறுப்புக் கரைக்குள்ள."

மேயருக்கு அடுத்த ஆண்டு தேர்தல். கறுப்புக் கரைக்குள் தன் பெயரைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. "சரி, எது நடந்தாலும் உங்க தலையில" என்றார்.

நாற்பதாம் நாள். கல்லறைக்குப் போய் மண்ணில் மது ஊற்றிவிட்டு, கோதுமைப் பாத்திரத்தோடு எல்லோரும் சதுக்கத்துக்கு வந்தார்கள். முதல் நாளைவிடக் கூட்டம் அதிகம். ராங்கெல் வந்தாரா என்றால், வந்தார். மேயர் வரவைத்ததாக மேயர் சொல்கிறார். வெலிகா கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள்.

திரை எரிந்தது. அதே கான்ச்சோ, அதே டை. ராங்கெல் நேரே போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார். கண்கள் அண்ணனின் முகவாய்மேல் இருந்தன. அடிக்கு ஓங்கிய கையைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றார்.

முகவாய் அசையவில்லை. ஒரு புருவம் உயர்ந்தது. கழுத்து நீண்டது. கான்ச்சோ மெதுவாகத் தலையைத் திருப்பி, நல்ல காதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, காத்திருந்தார்.

ராங்கெலுக்கு அந்த அசைவு தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். தனக்கு அது கிடைக்காமல்போய் எத்தனை காலம் என்பதும் தெரியும்.  "மன்னிச்சிரு" என்றார். குரல் எழும்பவில்லை. காது அப்படியே இருந்தது. அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். காது காத்திருந்தது. அப்போது ராங்கெல், செவிடான அண்ணனிடம் பேசுகிற தம்பி பேசவேண்டிய விதத்தில், தொண்டை கிழியப் பேசினார். கொடியை அறுத்தது தான்தான் என்றார். கொட்டகைக்காக இல்லை என்றார். அப்பா அதைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளச் சொன்னது கான்ச்சோவைத்தான், தன்னை அல்ல. அந்தக் கோபம் என்றார். கார் ஒரு சாக்கு என்றார். இது எங்களில் யாருக்கும் தெரியாது. மேயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

ராங்கெல் முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். திரையில் காது அப்படியே இருந்தது. ஆமாம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை.

நெதா பாத்திரத்தோடு அவர் பக்கத்தில் போனாள். ஒரு கரண்டிக் கோதுமையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கேட்டுச்சு, கொழுந்தனாரே" என்றாள். "ஊருக்கே கேட்டுச்சு. சாப்பிடுங்க."

திரை வெலிகாவிடம் வந்தது. அடுத்த மாதமே ஒரு குடும்பத்தார் வந்து, "எங்க அப்பாவுக்கும் அந்தக் காது வேணும்" என்றார்கள். அவர்கள் அப்பா, அடுத்த தெருவில் பிறர் சண்டை போட்டால் வார்த்தை விடாமல் கேட்டு வந்து சொன்னவர். வெலிகா முகவாயைத் தூக்கினாள். பிறகு படத்தைக் கேட்காமல், கோட்டை மாட்டிக்கொண்டு, அவர்களோடு அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

"அவரு முன்னாடி யாராவது வந்து நின்னா என்ன பண்ணுவாரு?" என்று வழியிலேயே கேட்டாள். பிள்ளைகள் மூவருக்கும் தெரியவில்லை. மூத்தவன் மட்டும் நடையைக் குறைத்து, யோசிக்கத் தொடங்கினான்.

டை விஷயத்தில் அவள் எதையும் மாற்றவில்லை.